‘ஃபார்கோ’வும் பனி சுரண்டியும்

கோயன் சகோதரர்களின் ‘ஃபார்கோ’ (1996) படத்தை முதன்முறை பார்த்தபோது, இது 1987இல் மினசோட்டாவில் நடந்த உண்மைக் கதை என்று தொடக்கத்தில் வரும் அறிவிப்பை எழுத்துக்கு எழுத்து நம்பிவிட்டேன். இறந்தவர்கள் மீதுள்ள மரியாதையால், பெயர்களைத் தவிர மற்றதையெல்லாம் நடந்தது நடந்தபடியே சொல்லியிருப்பதாகவும் அதில் இருந்ததால், சிரிப்பு வந்த இடங்களிலெல்லாம் துக்க வீட்டில் சிரித்துவிட்டவனைப் போல வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். (பெயர்தான் ஃபார்கோ; அந்த ஊர் முதல் காட்சியோடு சரி. கொலைகள் தொடங்குவது மினசோட்டாவின் பிரெய்னர்ட் என்ற சிற்றூரின் பக்கம்.)

பணமுடையில் தவிக்கும் கார் விற்பனையாளன் ஜெர்ரி, தன் மனைவியையே ஆள் வைத்துக் கடத்துகிறான். கடத்துபவர்களிடம் 80,000 டாலர் என்றும், பணக்கார மாமனாரிடம் 10 லட்சம் டாலர் என்றும் சொல்கிறான். அந்த மாமனார் அவனுடைய வியாபாரத் திட்டத்தைத் தட்டிப் பறித்துக்கொண்ட பிறகு, வெறிச்சோடிய வாகன நிறுத்தத்தில் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டத் தொடங்குபவன், திடீரென்று வெறி வந்து சுரண்டியை வீசியெறிந்து குதிக்கிறான். பிறகு அதையே குனிந்து எடுத்து, விட்ட இடத்திலிருந்து சுரண்டுகிறான். அங்கே என்னால் அடக்க முடியவில்லை. கோபத்தில் எறிந்த கைப்பேசியை நானே பொறுக்கியெடுத்து, உடைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்த நாள்கள் எனக்கும் உண்டு.

கடத்தியவர்களில் ஒருவன் மிச்சப் பணத்தை வேலியோரப் பனியில் புதைத்துவிட்டு, இடமும் வலமும் பார்க்கிறான். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரே மாதிரிக் கம்பங்கள். அடையாளத்துக்கு அவன் நட்டுவைப்பதும் ஒரு பனி சுரண்டிதான் என்பது இரண்டாம் முறை பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பெற்ற பிரான்சிஸ் மெக்டார்மண்டின் காவல் அதிகாரி மார்ஜ், ஏழு மாதக் கர்ப்பிணி. பிணம் கிடக்கும் இடத்தில் அவர் குனிய, தடயம் கிடைத்துவிட்டதென்று உடன் வந்தவர் நினைக்கிறார், அவருக்கோ குமட்டல். அது அடங்கியதும் மறுபடி பசிக்கிறது என்கிறார்.

பெயர்கள் ஓடி முடியும் தறுவாயில், பாத்திரங்கள் யாவும் கற்பனையே என்ற வழக்கமான வரி வருகிறது. முதன்முறை அதுவரை நான் உட்கார்ந்திருக்கவில்லை. அதைப் படிப்பதற்குள், ஜெர்ரியின் மகன், தாயை இழந்த அந்தப் பையனுக்கு இப்போது எத்தனை வயதாகியிருக்கும் என்று பலமுறை கணக்குப் போட்டிருந்தேன்.