பென்னுக்கு ஏர்லி டிசிஷன் போடலாமா? நவம்பர் 1 கெடு, வீட்டில் இரண்டு கட்சி

எடிசன்_அப்பா:

நியூ ஜெர்சியில் இருக்கிறோம், எல்லாரும் சிட்டிசன். பெண் பன்னிரண்டாவது படிக்கிறாள். கோடை லீவில் பென் (பென்சில்வேனியா பல்கலைக்கழகம்) வளாகத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லை. பயோ இன்ஜினீயரிங், அதுவும் பென், அதுவும் இ.டி. (ஏர்லி டிசிஷன்) என்கிறாள். மார்க் குறை சொல்ல முடியாது, எஸ்.ஏ.டி. 1540, ஒரு லேபில் இரண்டு கோடை வேலை பார்த்திருக்கிறாள். ஆனால் எங்கள் ஏரியாவில் இந்த மாதிரி பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள், அது உங்களுக்கே தெரியும்.

என் குழப்பம் காசு. எங்கள் இரண்டு பேர் சம்பளமும் சேர்ந்து 2,60,000 டாலர் பக்கம் வருகிறது. கேட்க நிறையத்தான் இருக்கிறது, வீட்டுக் கடன், பிராப்பர்ட்டி டாக்ஸ், ஊருக்கு அனுப்புவது எல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பையன் ஒன்பதாவது. பென்னில் வருஷத்துக்கு 90,000-க்கு மேல். எங்கள் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ் என்றால் தங்கும் செலவோடு 40,000-க்குள் முடிந்துவிடும்.

இ.டி. படிவத்தில் பிள்ளை, பெற்றோர், கவுன்சிலர் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். கிடைத்தால் மற்ற எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிவிட்டு அங்கேதான் சேர வேண்டும். மனைவி "ஆசைப்படுறா, போட்டுவிடு" என்கிறாள். டாலஸில் இருக்கும் மச்சான் "விலை தெரியாமல் யாராவது கையெழுத்துப் போடுவார்களா" என்று போனில் சத்தம் போடுகிறார். ஸ்கூல் கவுன்சிலர் சிரித்துக்கொண்டே "அது குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு" என்று சொல்லிவிட்டார். நீங்கள் சொல்லுங்கள்.

நாலாவது_மாடி:

சார், முதலில் சான்ஸ் விஷயத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் எல்லாரும் அதற்காகத்தானே இ.டி. போடுகிறார்கள். பென் மாதிரியே இன்னொரு ஐவி லீக் கல்லூரியான பிரவுனின் கணக்கு என் கைவசம் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்கிறேன். 2025-ல் சேர்ந்த பேட்ச்சுக்கு இ.டி.யில் 5,048 பேர் போட்டார்கள், 906 பேருக்குக் கிடைத்தது. அதாவது 18 சதவீதம். ரெகுலரில் (கட்டுப்பாடு இல்லாத வழக்கமான சுற்றில்) 37,000-க்கு மேல் போட்டு 1,512 பேர், ஏறக்குறைய 4 சதவீதம். இதைப் பார்த்தவுடன் "நாலு மடங்கு சான்ஸ்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள்.

அது அப்படி இல்லை. ஐவி லீக்கில் விளையாட்டுக்காக எடுக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் ஏர்லியில்தான் வருவார்கள், கோச் முன்னாலேயே பேசி முடித்திருப்பார். பெற்றோர் அங்கே படித்த பிள்ளைகளும் அதிகம் ஏர்லியில்தான் போடுவார்கள். இவர்களைக் கழித்துவிட்டால் சாதாரணப் பிள்ளைக்கு அந்த 18 கணிசமாக இறங்கும். ஆனாலும் 4-க்கு இறங்காது என்பது என் அபிப்பிராயம். கல்லூரிக்கும் இது லாபம்தான், எடுத்த பிள்ளை நிச்சயம் வந்து சேரும், சீட்டு காலியாகக் கிடக்குமோ என்ற கவலை இல்லை. பென் மாதிரி இடங்களில் வகுப்பில் பாதியை இ.டி.யிலேயே நிரப்பிவிடுகிறார்கள். மீதிப் பாதிக்குத்தான் உலகமே அடித்துக்கொள்கிறது.

உங்கள் ஸ்கூலில் நேவியன்ஸ் அல்லது ஸ்காயர் என்ற கல்லூரி விண்ணப்ப மென்பொருள் இருக்கும், அதில் பென் என்று போட்டால் உங்கள் ஸ்கூலிலிருந்தே முந்தைய வருஷங்களில் போட்ட பிள்ளைகளின் மார்க்கும் ரிசல்ட்டும் புள்ளி புள்ளியாக வரும். 1540-க்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எத்தனை, சிவப்பு எத்தனை என்று பாருங்கள். யார் இ.டி., யார் ரெகுலர் என்று அதில் தெரியாவிட்டால் கவுன்சிலரிடம் நேராகவே கேளுங்கள். சிரித்துவிட்டுப் போக விடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:

சான்ஸ் பேச்சு அப்புறம். உங்கள் மச்சான் சொல்வதில் பாதி சரி. விலை தெரியாமல் கையெழுத்துப் போடக் கூடாதுதான், ஆனால் விலையை ஓரளவுக்கு முன்னாலேயே தெரிந்துகொள்ளலாமே. 2011 அக்டோபரிலிருந்து ஒவ்வொரு கல்லூரியும் நெட் ப்ரைஸ் கால்குலேட்டர் (உதவி போக நாம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று காட்டும் இணையக் கருவி) வைத்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இன்று ராத்திரி உட்கார்ந்து பென்னுடையதைப் போட்டுப் பாருங்கள். குத்துமதிப்பாக வேண்டாம். 2026-ல் சேரும் பிள்ளைக்கு 2024 வருமானத்தைத்தான் பார்ப்பார்கள், அதனால் அந்த வருஷத்து டாக்ஸ் ரிட்டர்ன், இரண்டு பேருடைய டபிள்யூ-2 (சம்பளச் சான்று) எல்லாம் பக்கத்தில் இருக்கட்டும். 2024-ல் ஆர்.எஸ்.யூ. (கம்பெனி தரும் பங்குகள்) ஏதாவது வெஸ்ட் ஆகி உங்கள் கைக்கு வந்திருந்தால் அதுவும் வருமானத்தில் ஏறியிருக்கும், திடீர் போனஸும் அப்படித்தான்.

நம் ஆட்கள் கோட்டைவிடும் இடங்கள் இரண்டு. ஒன்று, 401(கே) ஓய்வுக்கால சேமிப்புக்குப் பிடித்த பணம். அது கையில் வரவில்லை என்று நாம் நினைப்போம், பல தனியார் கல்லூரிகள் அதையும் வருமானத்தோடு கூட்டிக்கொள்வார்கள். இரண்டு, ஊரில் இருக்கும் சொத்து. அரசாங்க உதவிப் படிவமான ஃபாஃப்சா மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு, தனியார் கல்லூரிகள் கேட்கும் சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் படிவம் எவ்வளவு நோண்டும் என்று தெரியாது. சென்னையில் ஒரு ஃப்ளாட் உங்கள் பேரில் இருந்தால் அதையும் எழுத வேண்டும், வாடகை வந்தால் அதையும். பென் 2024 நவம்பரில் ஒரு அறிவிப்பு விட்டது, குடியிருக்கும் வீட்டின் மதிப்பை இனி கணக்கில் சேர்ப்பதில்லை என்று. நல்ல விஷயம், நியூ ஜெர்சிக்காரர்களுக்குப் பெரிய விஷயம். ஆனால் அது நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும்தான், சென்னை ஃப்ளாட்டுக்கு இல்லை. அதே அறிவிப்பில்தான் 2,00,000 வருமானம் வரைக்கும் வழக்கமான அளவு சொத்து இருக்கும் குடும்பத்துக்கு டியூஷன் இலவசம் என்றும் சொன்னார்கள். நீங்கள் அந்தக் கோட்டுக்கு மேலே நிற்கிறீர்கள். கோட்டைத் தாண்டினால் ஒன்றுமே கிடையாது என்று அர்த்தமில்லை, எவ்வளவு என்பதைக் கால்குலேட்டர்தான் சொல்ல வேண்டும்.

ஊரில் அப்பா அம்மாவுக்கு அனுப்பும் பணத்துக்குத் தனியாகக் கட்டம் எதுவும் இருக்காது. விசேஷ சூழ்நிலை எழுதும் பகுதியில் வங்கி ரசீதோடு எழுதலாம். ஏற்றுக்கொள்வது அவர்கள் இஷ்டம்.

இன்னொன்று, பென்னோ மற்ற ஐவிகளோ மார்க்குக்காக ஸ்காலர்ஷிப் தருவதில்லை. தேவை பார்த்து மட்டும்தான். அதனால் "ரெகுலரில் போட்டால் பென் மெரிட் (மார்க்குக்கான ஸ்காலர்ஷிப்) தரும்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். இ.டி.யில் நீங்கள் இழப்பது பென் தரும் பணத்தை இல்லை, ஏப்ரலில் நாலு கடிதத்தை மேஜை மேல் பரப்பிவைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பைத்தான். வேறொரு நல்ல கல்லூரி 30,000 மெரிட் தந்திருக்குமா என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். அந்த ஒப்பீடு உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதுதான் கேள்வியே.

மிளகு_ரசம்:

எதுக்கு இவ்வளவு யோசனை? போட்டுவிடுங்கள், காசு கட்டுப்படியாகவில்லை என்றால் அப்புறம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இது ஒன்றும் கோர்ட் ஒப்பந்தம் இல்லை.

கணக்குப்பிள்ளை:

@மிளகு_ரசம், பாதி உண்மையைச் சொல்லி ஆளை மாட்டிவிடாதீர்கள். அவர்கள் தரும் உதவியை வைத்துப் படிக்கவே முடியாது என்றால் விலகலாம், அது எல்லாக் கல்லூரியிலும் விதியிலேயே இருக்கிறது. ஆனால் 60,000 கட்டுங்கள் என்று கால்குலேட்டர் சொல்லி, அவர்களும் 60,000 என்றே கடிதம் அனுப்பி, அதற்கப்புறம் "முடியாது" என்றால் அது வேறு கதை. 2025-ல் டியூலேன் பல்கலைக்கழகம் என்ன செய்தது தெரியும்தானே? கொலராடோவில் ஒரு தனியார் பள்ளிப் பிள்ளை இ.டி.யில் கிடைத்த பிறகு விலகியது என்று அந்தப் பள்ளிக்கே ஒரு வருஷம் இ.டி. தடை போட்டுவிட்டார்கள். அடுத்த பேட்ச் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? கவுன்சிலரும் கையெழுத்துப் போடுகிறாரே, அதற்கு அர்த்தம் இதுதான்.

எனக்கும் இந்த முறை பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் ஃபெடரல் கோர்ட்டில் 32 கல்லூரிகள் மேல் கேஸ் போட்டார்கள், இ.டி.யால் போட்டியைக் குறைத்து விலையை ஏற்றுகிறார்கள் என்று. கேஸ் நியாயமாகவே படுகிறது. ஆனால் அது முடிவதற்குள் இவர் பெண் படிப்பையே முடித்துவிடுவாள்.

ஹெச்4_அம்மா:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பையன் இன்னும் ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசாக்காரர் குடும்பத்துக்கானது) இருக்கிறான், பதினொன்றாவது. மேலே சொன்னதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

கணக்குப்பிள்ளை:

இல்லை மேடம், உங்கள் கணக்கு வேறு. இங்கேயே ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்திருந்தாலும் ஹெச்-4 பிள்ளையை உதவி விஷயத்தில் வெளிநாட்டு மாணவனாகத்தான் பெரும்பாலான தனியார் கல்லூரிகள் பார்க்கும். ஃபெடரல் உதவி கிடையாது. பென்னில் வெளிநாட்டுப் பிள்ளை உதவி கேட்டால் அட்மிஷன் முடிவிலேயே அது எடை போடப்படும். கேட்காமல் சேர்ந்துவிட்டு அடுத்த வருஷம் கேட்கலாம் என்று திட்டம் போடாதீர்கள், இப்படிப்பட்ட இடங்களில் அது நடக்காது. இ.டி.யும் இருந்து, வெளிநாட்டுப் பிள்ளைக்கும் காசைப் பார்க்காமல் முடிவெடுக்கும் இடங்கள் என்றால் டார்ட்மவுத், பிரவுன், ஆம்ஹர்ஸ்ட், போடன் போன்றவை. இந்த நாலையும் முதலில் பாருங்கள். 21 வயதில் ஹெச்-4 போய் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டிவரும் என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தனி இழை தொடங்குங்கள், விவரமாகப் பேசலாம்.

பனிக்கால_பறவை:

அங்கிள், நான் இப்போது ஒரு கல்லூரியில் இரண்டாவது வருஷம், இ.டி.யில் வந்தவள்தான். டிசம்பர் நடுவிலேயே ரிசல்ட் வந்துவிட்டது, அதற்கப்புறம் என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கிறிஸ்துமஸ் லீவில் பத்துப் பன்னிரண்டு எஸ்ஸே எழுதிக்கொண்டிருந்தபோது நான் தூங்கினேன். அந்த நிம்மதிக்கு விலையே கிடையாது என்று அப்போது நினைத்தேன். எனக்கு இந்த இடம் இன்னும் பிடித்திருக்கிறது. ஆனால் என் ரூம்மேட்டும் இ.டி.தான், அவளுக்கு மார்ச் மாதமே மனசு மாறிவிட்டது, யாரிடமும் சொல்ல முடியவில்லை. அக்டோபரில் பிடிக்கும் இடம் ஏப்ரலிலும் பிடிக்கும் என்று பதினேழு வயதில் யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் பெண்ணிடம் ஒன்று கேளுங்கள். பென் என்ற பெயரை எடுத்துவிட்டால் அங்கே எது பிடித்திருக்கிறது? எந்த கோர்ஸ், எந்த லேப், பயோ இன்ஜினீயரிங் பக்கத்திலேயே ஹாஸ்பிட்டல் இருப்பதா? கடகடவென்று பதில் சொன்னால் போடுங்கள், "ஏன் பென்" எஸ்ஸேவுக்கும் அதே பதில்தான் வேண்டும். ஐவி, ரேங்க், இன்னார் பெண் போனாள் என்று வந்தால் ரெகுலரே போதும்.

அப்புறம், ரெகுலர் எஸ்ஸேக்களை இப்போதே எழுதி வைக்கச் சொல்லுங்கள். டிசம்பர் நடுவில் இல்லை என்று வந்தால் ஜனவரி முதல் வாரக் கெடுக்கு இரண்டு, மூன்று வாரம்தான் இருக்கும், அழுதுகொண்டே எழுதும் எஸ்ஸே நன்றாக வராது. டிஃபர் ஆனால் (முடிவைத் தள்ளிவைத்தால்) ரெகுலரில் மறுபடி பார்ப்பார்கள், கட்டுப்பாடும் போய்விடும்.

எடிசன்_அப்பா:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி கால்குலேட்டரைப் போட்டோம். முதல் தடவை 61,000 என்று காட்டியது, சந்தோஷப்பட்டோம். அப்புறம் கணக்குப்பிள்ளை சொன்ன மாதிரி 401(கே), மேடவாக்கம் ஃப்ளாட் இரண்டையும் சேர்த்தால் 70,000-ஐத் தாண்டிவிட்டது. மனைவி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பெண்ணையும் கூப்பிட்டு உட்காரவைத்து எங்கள் கணக்கை முழுசாகக் காட்டினோம், இதுவரைக்கும் காட்டியதே இல்லை. 529-ல் (கல்லூரிக்கான சேமிப்புக் கணக்கில்) இருப்பதையும் வருஷ மிச்சத்தையும் சேர்த்தால் வருஷத்துக்கு 55,000 வரைக்கும் கடன் இல்லாமல் முடியும், அதற்கு மேல் என்றால் தம்பியின் பங்கைத் தொட வேண்டும் என்று சொன்னேன். அவளே "அப்ப ரெகுலர்ல போடறேன், மத்த இடத்துல எவ்ளோ தராங்கன்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றாள். பறவையின் கேள்விக்கு மட்டும் நல்ல பதில் சொன்னாள், பேராசிரியர் பேர் வரைக்கும்! அதனால்தான் எனக்கு இன்னும் அடித்துக்கொள்கிறது.

நாலாவது_மாடி:

பெண்ணைப் பாராட்டுங்கள் சார். 70,000 என்று வந்த பிறகு இ.டி. வேண்டாம் என்பதுதான் என் கட்சியும், பையனும் இருக்கிறானே. அவன் கல்லூரிக்கு வரும்போது இரண்டு பேரும் ஒரே ஒரு வருஷம்தான் சேர்ந்து படிப்பார்கள், அதனால் அக்கா தம்பி ஒரே சமயத்தில் படிக்கிறார்கள் என்ற கணக்கில் பெரிதாக ஒன்றும் குறையாது.

அதற்காக நவம்பரைச் சும்மா விடாதீர்கள். ரட்கர்ஸ் ஏர்லி ஆக்‌ஷனும் (முன்கூட்டியே போடும் சுற்று) நவம்பர் 1-தான், அதில் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. பிட் (பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம்) விண்ணப்பம் வருகிற வரிசையிலேயே பதில் சொல்லிவிடுவார்கள், இப்போது போட்டால் சீக்கிரமே ஒரு "எஸ்" கையில் இருக்கும், மெரிட்டுக்கும் சீக்கிரம் போடுவது நல்லது. ஜனவரியில் இ.டி. இரண்டாவது ரவுண்டு என்று வேறு சில கல்லூரிகள் கூப்பிடும், பென்னில் அது கிடையாது. மற்ற இடங்களுக்கு ஆசை வந்தால் அந்தந்தக் கால்குலேட்டரைப் போட்ட பிறகு யோசியுங்கள். நடுவில் மனசு மாறி பென் இ.டி.யே போடுவதென்றால் சி.எஸ்.எஸ். ப்ரொஃபைலுக்கும் நவம்பர் தொடக்கத்திலேயே கெடு இருக்கிறது, மேடவாக்கம் ஃப்ளாட்டின் பத்திரத்தை இப்போதே ஊரிலிருந்து ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லுங்கள்.