புதுப்பிப்பு: ஸ்பீக்கர் வயருக்குக் கடைசியில் பனானா பிளக்தான்

ஸ்பீக்கர் வயரை ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) மாட்ட, பனானா பிளக்கா (துளைக்குள் செருகும் முள்), ஸ்பேடா (திருகுக்கு அடியில் வைக்கும் U வடிவத் தகடு), வெறும் செம்பு முனையே போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். 'வெறும் வயரே போதும், காதுக்கு வித்தியாசம் தெரியாது' என்று பலர் சொன்னீர்கள். ஒலியைப் பொறுத்தவரை அது சரிதான், எனக்கும் எதுவும் தெரியவில்லை.

ஆனால் ஆம்பைத் துடைக்க நகர்த்தியபோது பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். சிவப்பு முனையிலிருந்து பிரிந்த ஒற்றைச் செம்பு இழை, கறுப்பு முனையைத் தொடாமல் நூலளவு தள்ளி நின்றது. தொட்டிருந்தால் ஷார்ட், ஆம்பே போயிருக்கலாம். வெறும் வயர் வேண்டாமென்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

ஸ்பேடு எனக்கு ஒத்துவராது. முனைகள் நெருக்கம், விரல் விட்டுத் திருக இடமில்லை. வாங்கியது 4 மி.மீ. பனானா, பக்கத்தில் இரண்டு குட்டித் திருகு வைத்தது. சால்டரிங் வேண்டாம். உறையை ஒரு செ.மீ. சீவி, இழைகளை முறுக்கி நுழைத்து இறுக்கினேன். மறுநாள் பார்த்தால் திருகு இன்னும் கால் சுற்று இறங்கியது! செம்பு அமுங்கிக் கொடுத்திருக்கிறது. நீங்களும் ஒருமுறை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

அப்புறம் ஒரு அசட்டுத்தனம்: ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிச் செருகிவிட்டு, பேஸ் (தாழ்ந்த ஒலி) எங்கே போனது என்று அரை மணி நேரம் தேடினேன்.