1600-ஆம் வருஷம்: கம்பெனி தவிர வேற என்னதான் நடந்துச்சு?

சார்ட்பேப்பர்_மாமா:
மக்களே ஒரு உதவி. அக்கா பையன் எட்டாவது படிக்கிறான், ஏதாவது ஒரே ஒரு வருஷத்த எடுத்துக்கிட்டு அந்த வருஷம் உலகத்துல என்னெல்லாம் நடந்துச்சுன்னு சார்ட்ல எழுதிட்டு வரணுமாம். ரவுண்டா இருக்குன்னு 1600-ஐ எடுத்துட்டு வந்துட்டான். எனக்கு தெரிஞ்சது டிசம்பர் 31-ஆம் தேதி எலிசபெத் ராணி கிழக்கிந்திய கம்பெனிக்கு சாசனம் குடுத்தது மட்டும்தான், அதை எழுதினா சார்ட்ல மூலையில ரெண்டு வரி, மீதி இடத்துக்கு என்ன பண்றது? எல்லாரும் எழுதுற மேட்டரா இல்லாம கொஞ்சம் சுவாரசியமா இருந்தா நல்லாருக்கும். திங்கக்கிழமை காலைல குடுக்கணும், வழக்கம்போல ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தான் எங்கிட்ட சொல்றான்.

எரிமலைக்குழம்பு:
ஐயோ நல்ல வருஷமாதான் எடுத்திருக்கான், பயப்படாதீங்க. என்னைக் கேட்டா அந்த வருஷத்தோட பெரிய ஆள் ராணியும் இல்ல கம்பெனியும் இல்ல, பெரு நாட்டு தெற்குல இருக்கிற ஹுவைனாபுட்டினான்னு ஒரு எரிமலைதான். பிப்ரவரி 19 அன்னிக்கு வெடிச்சுது. தென் அமெரிக்காவுல எழுத்துல பதிவான வெடிப்புகள்லயே அதுதான் பெருசு. பக்கத்துல இருந்த அரேகிப்பா ஊர்ல பட்டப்பகல்லயே இருட்டிப் போய் நாள் கணக்குல சாம்பல் கொட்டியிருக்கு, கூரையெல்லாம் பாரம் தாங்காம உள்ள விழுந்துருக்கு.

சரி அது பெருவோட போச்சுன்னு பாத்தா இல்ல. மேல போன கந்தகம் வானத்துல பரவி வெயிலை மறைச்சு அடுத்த வருஷம் 1601-ல வட பாதி உலகத்துல கோடைங்கிறதே ஒழுங்கா வரல, மர வளையத்துலயும் கிரீன்லாந்து பனிக்கட்டிக்குள்ளயும் இன்னும் அதுக்கு தடயம் இருக்கு. ரஷ்யாவுல பயிர் உறைஞ்சு 1601-ல இருந்து 1603 வரைக்கும் பயங்கர பஞ்சம், லட்சக்கணக்குல சனம் செத்துச்சு. அப்ப ஜார், அதாவது ரஷ்ய மன்னர், போரிஸ் கோதுனோவ். அந்தாளு மாஸ்கோவுல களஞ்சியத்த திறந்து காசும் குடுத்துப் பாத்தாரு, அதைக் கேள்விப்பட்டு சுத்துப்பட்டு ஊரெல்லாம் மாஸ்கோவுக்கே கிளம்பி வந்து நிலைமை இன்னும் மோசம். கடைசில நான்தான் செத்துப்போன இளவரசன்னு சொல்லிக்கிட்டு ஒருத்தன் படையோட வந்து 1605-ல அரியணையிலயே உக்காந்துட்டான். எரிமலை மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன், வாரிசு சண்டை ஏற்கனவே புகைஞ்சிக்கிட்டுதான் இருந்துச்சு, ஆனா வயிறு நிறைஞ்ச ஊர்ல அவன் பருப்பு இவ்ளோ சீக்கிரம் வெந்திருக்குமா?

இன்னொண்ணு, அந்த வெடிப்புக்கு சரியா ரெண்டு நாள் முன்னாடி பிப்ரவரி 17-ல ரோம்ல ஜோர்தானோ புருனோங்கிற இத்தாலிய தத்துவ அறிஞரை உயிரோட எரிச்சாங்க. அறிவியலுக்காக செத்தாருன்னு சுலபமா எழுதிடாதீங்க, ஏழு வருஷத்துக்கு மேல நடந்த விசாரணையில பெரும்பாலும் மத சம்பந்தமான குற்றச்சாட்டுதான், பல உலகங்கள் இருக்குன்னு சொன்னதும் அதுல ஒண்ணு.

நாள்காட்டி_நச்சரிப்பு:
ஒரு திருத்தம், திட்டாதீங்க. அந்த டிசம்பர் 31 இங்கிலாந்து கணக்கு. அவங்க அப்பவும் பழைய ஜூலியன் காலண்டர்லதான் இருந்தாங்க, ரோம்லயும் ஸ்பெயின் ஆட்சியில இருந்த பெருவுலயும் கிரிகோரியன்ங்கிற புது காலண்டர், ரெண்டுக்கும் 10 நாள் வித்தியாசம். அதனால புது கணக்குல பாத்தா கம்பெனி பொறந்தது 1601 ஜனவரி 10! புருனோ, எரிமலை தேதி ரெண்டும் ஒரே காலண்டர்ங்கிறதால அந்த ரெண்டு நாள் கணக்கு சரி.

இது பத்தாதுன்னு இங்கிலாந்துல சட்டப்படி வருஷம் பொறக்குறது மார்ச் 25-ல. பக்கத்துல ஸ்காட்லாந்து அந்த 1600-லதான் ஜனவரி 1-க்கு மாறுச்சு, இங்கிலாந்து மாற 1752 ஆயிடுச்சு. அப்புறம் 1600 பதினாறாம் நூற்றாண்டோட கடைசி வருஷம், பதினேழு 1601-லதான் ஆரம்பம், டீச்சர் கேட்டா பையன் மாட்டிக்கக் கூடாதுல்ல.

கட்டுமரம்76:
யாரும் ஜப்பான் பக்கம் போகலையா? 1600 ஏப்ரல்ல லீஃப்தேன்னு ஒரு டச்சு கப்பல் ஜப்பான் கரைல ஒதுங்குச்சு. ரோட்டர்டாம்ல இருந்து 1598-ல அஞ்சு கப்பலா கிளம்பி தென் அமெரிக்காவ சுத்தி வந்ததுல ஜப்பானைத் தொட்டது இது ஒண்ணுதான், நூறு பேருக்கு மேல ஏறின கப்பல்ல உயிரோட இருந்தது இருபத்தி சொச்சம் பேர், அதுலயும் எழுந்து நிக்க தெம்பு இருந்தவங்க விரல் விட்டு எண்ணலாம். அதுல மாலுமி வில்லியம் ஆடம்ஸ்னு ஒரு இங்கிலீஷ்காரர். அங்க ஏற்கனவே இருந்த போர்ச்சுகீசிய பாதிரிமாருங்க இவங்க கடல் கொள்ளைக்காரங்க, கொன்னுடுங்கன்னு போட்டுக் குடுத்தாங்க. ஆனா அப்ப ஜப்பான்ல பெரிய பிரபுவா இருந்த தோகுகவா இயேயாசு ஆளைக் கூப்பிட்டு விசாரிச்சாரு, உயிரோட விட்டாரு, கடைசில ஆடம்ஸுக்கு நிலமும் சாமுராய் அந்தஸ்தும் குடுத்து கூடவே வெச்சுக்கிட்டாரு.

அதே இயேயாசுதான் அக்டோபர் 21-ல செகிகஹாரா சண்டையில ஜெயிச்சது. ஒன்றரை லட்சம் பேர் கிட்ட திரண்ட சண்டை, காலைல பனிமூட்டத்துல ஆரம்பிச்சு சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுது. எதிரணியில மலை மேல படையோட நின்ன கொபயகவா ஹிதேஅகிங்கிற சின்ன வயசு பிரபு ரொம்ப நேரம் வேடிக்கை பாத்துட்டு திடீர்னு கட்சி மாறி சொந்த ஆளுங்க மேலயே பாஞ்சிட்டான், அதோட கதை முடிஞ்சுது. 1603-ல இயேயாசு ஷோகுன், அதாவது நாட்டோட ராணுவ ஆட்சியாளர், ஆயிட்டாரு, அந்த குடும்பம் 1868 வரைக்கும் நாட்ட ஆண்டுச்சு.

எனக்கு இதுல பிடிச்சதே வேற. அந்த கப்பலோட பின்பக்கம் எராஸ்மஸ்ங்கிற ஐரோப்பிய அறிஞரோட மரச்சிலை இருந்துச்சு. கப்பல் போயிடுச்சு, சிலை மட்டும் எப்படியோ ஒரு புத்த கோயிலுக்கு போய் சேர்ந்து யாருன்னே தெரியாம சனங்க சாமின்னு கும்பிட்டுருக்காங்க. இப்ப டோக்கியோ மியூசியத்துல இருக்கு. பையன சார்ட்ல அதை வரையச் சொல்லுங்க.

முத்துக்கரை:
எல்லாரும் ஊர் ஊரா சுத்துறீங்க, நம்ம கரையையும் கொஞ்சம் பாருங்க அண்ணாச்சி. தமிழ் எழுத்துல முதல்ல அச்சுப் புத்தகம் போட்ட ஹென்ரிக் ஹென்ரிக்கஸ், அண்டிரீக் அடிகளார்னு சொல்வோம்ல, அவர் காலமானதும் இதே 1600-லதான். போர்ச்சுகல்ல பொறந்து முத்துக்குளித்துறைக்கு வந்து அம்பது வருஷம் கிட்ட இங்கேயே கெடந்து, புன்னக்காயல் பரதவ சனங்களோட பேசிப் பேசியே தமிழ் கத்துக்கிட்ட மனுஷன். 1578-ல கொல்லத்துல தம்பிரான் வணக்கம்னு அவரோட கிறிஸ்தவ மத போதனைப் புத்தகம் அச்சாச்சு, பதினாறே பக்கம், ஆனா இந்திய மொழி எழுத்துல அச்சான முதல் புத்தகங்கள்ல அது முன்னாடி நிக்குது. ராணி கம்பெனிக்கு சாசனம் குடுத்தப்ப தமிழ் அச்சேறி இருபத்திரண்டு வருஷம் ஆயிருச்சுன்னு பெருசா எழுதச் சொல்லுங்க, எங்க ஊர்க்காரனுக்கு இது போதும்.

பூண்டுப்பல்:
லேட்டா வரேன். சின்னதா ரெண்டு. அக்பர் படை அகமதுநகர் கோட்டைய பிடிச்சதும் அந்த வருஷம்தான், அதை காத்துக்கிட்டிருந்த சாந்த் பீபிய எதிரியோட சமரசம் பேசுறாங்கன்னு சொந்த ஆளுங்களே கொன்னுட்டாங்க. பாவம், 1596-ல அதே கோட்டைய மொகலாயர்கிட்ட இருந்து காப்பாத்தினவங்க.

ரெண்டாவது, வில்லியம் கில்பர்ட்னு லண்டன் டாக்டர், பூமியே ஒரு பெரிய காந்தம்னு புத்தகம் போட்டது 1600. உருண்டையா ஒரு காந்தக்கல்ல செதுக்கி, அது மேல சின்ன ஊசிய வெச்சு வெச்சு பாத்து கண்டுபிடிச்சாரு. அப்ப ஐரோப்பாவுல பூண்டு பட்டா காந்தம் செத்துப் போயிடும்னு ஒரு நம்பிக்கை, அதெல்லாம் சும்மா கதைன்னு அந்த புத்தகத்துலயே போட்டு உடைச்சிருக்காரு.

சார்ட்பேப்பர்_மாமா:
எல்லாருக்கும் பெரிய நன்றி, இன்னொரு சார்ட் வாங்க கடைக்கு ஓடினேன். எரிமலை நடுவுல, தம்பிரான் வணக்கம் மேல, எராஸ்மஸ் சாமி கீழ, கம்பெனி மூலைலயே இருக்கட்டும்னு முடிவு பண்ணியாச்சு. நாள்காட்டி அண்ணே, உங்க மேட்டர அடிக்குறிப்பா போட்டா டீச்சருக்கே தலை சுத்தும், இருந்தாலும் போடுறேன்.

பையன் இப்ப ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருந்த காந்தத்த பிடுங்கி அரை கை பூண்ட நசுக்கி தேச்சிட்டு வந்து மறுபடி ஒட்டிப் பாத்தான். ஒட்டுது. ஃப்ரிட்ஜ் கதவு நாறுதுன்னு அக்கா கத்திக்கிட்டு இருக்கா.