ராத்திரி வந்து வீட்டைத் தேடினார்கள், போனையும் எடுத்துப் போனார்கள். இப்படிச் செய்யலாமா?

ரப்பர்க்காடு:
பக்கத்து ரப்பர்த் தோட்டத்துப் புகைப்புரையில் (ரப்பர் ஷீட் உலர்த்தும் இடம்) ஷீட் களவு போயிருக்கிறது. என் தம்பி ஆறு மாதம் முன்புவரை அங்கே பால் வெட்டியவன், அதனால் சந்தேகம் அவன்மேல். நேற்று ராத்திரி பத்தரைக்கு மூன்று போலீஸார் வந்தார்கள், ஒருவர் மட்டும்தான் யூனிஃபார்மில். வாரண்ட் காட்டவில்லை. கட்டிலைத் தூக்கிப் பார்த்து, அம்மாவின் அரிசிப் பானைக்குள்ளும் கை விட்டார்கள் (அதற்குள் எத்தனை கிலோ ஷீட்டை ஒளிக்க முடியும் என்று யாரிடம் கேட்பது). ஒன்றும் கிடைக்கவில்லை. தம்பியின் போனை எடுத்துக்கொண்டு, அப்பாவிடம் “நாளைக்கு நீரும் அவனும் ஸ்டேஷனுக்கு வரணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு துண்டுச்சீட்டுகூடத் தரவில்லை. அப்பாவுக்கு 63 வயது. போகாவிட்டால் கேஸா? போனால் அடிப்பார்களா?

தக்கலை குமாஸ்தா:
வாரண்ட் இல்லாமல் வந்ததே தப்பு என்று நினைக்காதீர்கள். வாரண்டுக்காகக் காத்திருந்தால் பொருள் கைமாறிவிடும் என்றால் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 185ஆம் பிரிவுப்படி தேடலாம். ஆனால் அதற்கான காரணத்தை முன்னாடியே எழுதி வைக்கணும், தேடுவதை வீடியோ எடுக்கணும், எழுதியதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போகணும். அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் சாட்சி, எடுத்த பொருளுக்கு மகஜர் (எங்கே, எப்போது, எதை எடுத்தார்கள் என்ற பட்டியல்), அதன் நகல் உங்களுக்கு. இதில் எது நடந்தது?

அப்பா போக வேண்டாம். 60 தாண்டிய ஆண்களையும், எந்த வயதுப் பெண்களையும் சாட்சி விசாரணைக்கு வீட்டை விட்டு வேறு இடத்துக்கு வரச் சொல்ல முடியாது, பிரிவு 179. பழைய சட்டத்தில் ஆண்களுக்கு இது 65. தம்பி போகட்டும், ஆனால் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் அனுப்பினால் போதாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

கடியபட்டணத்தான்:
அண்ணன் சொல்வது பேப்பரில் சரி. ராத்திரி பத்தரைக்கு 185 என்று வாயைத் திறந்தால் கன்னம்தான் பழுக்கும். 2020இல் சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிபட்டு அப்பாவும் மகனும் செத்தது யாருக்கு மறந்தது? அப்போதும் சட்டம் இருக்கத்தானே செய்தது.

தக்கலை குமாஸ்தா:
வாசலில் நின்று சட்டம் பேசச் சொல்லவில்லையே மக்கா. யார் வந்தது, எத்தனை மணி, என்ன எடுத்தது என்று இன்றைக்கே எழுதி எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் போடுங்கள். தனியாக அனுப்பாதீர்கள், வக்கீலைக் கூட்டிக்கொண்டு போங்கள். கைது செய்துவிட்டால் 24 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்தணும், விசாரணையின்போது வக்கீலைப் பார்க்கலாம் (கூடவே முழு நேரமும் உட்கார விடமாட்டார்கள்). அடித்தால் மாஜிஸ்திரேட் முன்னால் சட்டையைக் கழற்றிக் காட்டுங்கள். நிறைய பேர் அங்கே பேசாமல் நின்றுவிட்டு வெளியே வந்து அழுகிறார்கள். ஸ்டேஷன் கேமரா பதிவைக் குறைந்தது ஒரு வருஷம் வைத்திருக்கணும் என்று 2020 உத்தரவு இருக்கிறது, அதையும் கேட்கலாம். வக்கீலுக்குக் காசில்லை என்றால் 15100க்குப் போன் பண்ணுங்கள், இலவச சட்ட உதவி. அப்புறம், வாக்குமூலம் என்று எதை நீட்டினாலும் தம்பி கையெழுத்துப் போட வேண்டாம். விசாரணையில் எழுதும் வாக்குமூலத்துக்குச் சொன்னவர் கையெழுத்தே கூடாது என்பது 181ஆம் பிரிவு.

ரப்பர்க்காடு:
போய்விட்டு வந்தோம். வக்கீலின் ஜூனியர் கூட வந்ததால் உட்கார நாற்காலி கிடைத்தது, அடி இல்லை. அப்பா எங்கே என்று ஏட்டையா கேட்டார், வயதைச் சொன்னதும் விட்டுவிட்டார். போனுக்கு மகஜர் எழுதியிருக்கிறார்கள், ஆனால் இன்றைய தேதி, காலை பதினொரு மணி, ஸ்டேஷனில் தம்பியே எடுத்துக் கொடுத்ததாக. நகல் வாங்கியதற்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், நாளை வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.

தக்கலை குமாஸ்தா:
நகலை வாங்குங்கள். கையெழுத்துக்கு மேலே தம்பி தன் கையாலேயே “போனை எடுத்தது முந்தின நாள் ராத்திரி, எங்கள் வீட்டில்” என்று எழுதட்டும். விடவில்லை என்றால் கையெழுத்தே வேண்டாம், அந்தத் தபாலில் இதையும் சேர்த்துவிடுங்கள். தபால் போட்டாச்சா?