ஜவான் குடும்பங்களுக்கு உருப்படியாக என்ன செய்யலாம்? (குன்னூர் பக்கம்)

ஜெகதளாவாசி:
டிசம்பர் 7 படைவீரர் கொடி நாளுக்கு எங்கள் ஊர் மன்றத்தில் பத்துப் பேர் சேர்ந்து ஏதாவது செய்ய நினைக்கிறோம். முன்னாள் ராணுவத்தினரும் அவங்க வீட்டு விதவைகளும் இங்கே நிறைய. சால்வை போடுவதைத் தாண்டி என்ன செய்தால் உதவும்?

பென்ஷன்உதவி:
டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம், நவம்பரிலேயே வேலை இருக்கு. வாழ்நாள் சான்றிதழ் போகாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். ஆளுக்கு ஒரு தெருவைப் பிரிச்சுக்கிட்டு வீட்டுக்கே போய் ஜீவன் பிரமாண் (ஆதார் வழியாக எடுக்கும் டிஜிட்டல் வாழ்நாள் சான்றிதழ்) பதிந்து கொடுங்க. ஆதார், பிபிஓ (பென்ஷன் ஆணை) எண், வங்கிக் கணக்கு எண், ஓடிபி வருகிற போன், இவ்வளவும் கையில் இருக்கணும்.

பெரிய தப்பு நடக்கிற இடம் ஒன்று. ஸ்பார்ஷில் (ராணுவ பென்ஷனுக்கான அரசின் இணையதளம்) பென்ஷன் வாங்குபவருக்கு, 'பென்ஷன் வழங்குபவர் யார்' என்று கேட்கும் கட்டத்தில் வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிடுவாங்க. சான்றிதழ் வங்கிக்குப் போய்விடும், ஸ்பார்ஷுக்கு வராது. அங்கே 'ஸ்பார்ஷ் பிசிடிஏ பென்ஷன் அலகாபாத்' என்றுதான் தேர்ந்தெடுக்கணும். பிரமாண் எண் (சான்றிதழின் எண்) வந்துவிட்டதே என்று விட்டுவிடாமல், சில நாள் கழித்து ஸ்பார்ஷில் ஏற்கப்பட்டதா என்று பாருங்க.

விதவையின் பெயர் பிபிஓவில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் அதையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்க. திருத்தத்துக்கு எல்லாரையும் வெலிங்டனுக்கு அனுப்பாதீங்க. அங்கே இருப்பது மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸ், அதாவது அந்தப் படைப்பிரிவுக்காரர்களின் ஆவண அலுவலகம் மட்டும். சிக்னல்ஸ் (தகவல் தொடர்புப் படை) காரருக்கு ஜபல்பூர், இஎம்இக்கு (ராணுவ இயந்திரப் பழுதுபார்ப்புப் படை) செகந்திராபாத்.

ஜெகதளாவாசி:
தேயிலை பறித்த கைகளில் ரேகை விழ மாட்டேங்குதே?

பென்ஷன்உதவி:
முகப் பதிவு இருக்கு. ஆண்ட்ராய்டு போனில் ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண் ரெண்டு செயலியும் ஏற்றிக்கணும். முதலில் பதிந்து தருபவர் தன் முகத்தைப் பதியணும், பிறகு பாட்டி. கண்ணாடியைக் கழற்றி, வாசல் வெளிச்சம் முகத்தில் நேராக விழும்படி உட்கார வைத்து, கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்க. முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் பதிவாகாது.

கொடிநாள்:
நீங்களாகவே உண்டியல் எடுத்துப் போகாதீங்க. கொடி நாள் வசூல் மாவட்ட ஆட்சியர் வழியாக நடப்பது. ஊட்டியில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டு, கொடி வாங்கி, ரசீதோடு கட்டுங்க. வாட்ஸ்அப்பில் சுற்றும் கியூஆர் கோடு எதற்கும் பணம் போட வேண்டாம். இன்னொன்று: பாரத் கே வீர் என்ற நன்கொடைத் தளம் சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற மத்திய காவல் படைகளுக்கு. முப்படைகளின் போர்க்கள உயிரிழப்புகளுக்கான நிதியை மா பாரதி கே சபூத் தளத்தில் கட்டணும்.

தபால்காரர்மகள்:
எல்லையில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பார்சல் அனுப்பினால் எண், ரேங்க், பெயர், யூனிட், 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ (ராணுவத் தபால் நிலையம்), அவ்வளவுதான் முகவரி. லே, தவாங் என்று ஊரை எழுதக் கூடாது. தனியார் கூரியர் உதவாது, தபால் ஆபீஸ்தான்.

நீலகிரித் தைலம் வைக்காதீங்க. தீப்பிடிக்கும் பொருள், தபாலில் எடுக்க மாட்டாங்க. வர்க்கி (நம்ம ஊர் மொறுமொறு பிஸ்கட்) காகிதப் பையில் போனால் தூளாகத்தான் போய்ச் சேரும். தகர டப்பாவில் அடுக்கி, ஆட்டினால் சத்தம் வராத அளவுக்கு இடுக்கில் காகிதம் திணிச்சு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்க. டீத்தூளை அதே டப்பாவில் வைக்காதீங்க, வர்க்கியின் வாசனையை டீத்தூள் அப்படியே இழுத்துக்கும்.