கொல்லையில் மீனும் கீரையும்: மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு புதுப்பிப்பு

மீன்தொட்டித் தண்ணீரிலேயே கீரை வளர்க்க ஒத்தக்கடை வீட்டுக் கொல்லையில் தொட்டி கட்டியதைப் பிப்ரவரியில் எழுதியிருந்தேன். நாற்பது ஜிலேபி மீன்குஞ்சுகளில் பதினொன்று ஒரே வாரத்தில் செத்தன. கீரைக் கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. ஏன் என்று கேட்டிருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது.

முதல் காரணம் என் அவசரம். மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அப்புறம் செடிக்கு வேண்டிய நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா, கீரை நட்ட சரளைப் படுகையின் கல்லில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நான் இரண்டாம் நாளே மீன் விட்டேன்.

அடுத்தது கல். படுகையிலிருந்து ஒரு கைப்பிடி சரளை எடுத்து வினிகர் ஊற்றினேன். பாதிக் கற்களில் சோடா மாதிரி நுரை பொங்கியது. அத்தனையும் சுக்கான்கல், அதாவது சுண்ணாம்புக் கல்! அது கரையக் கரைய, தண்ணீரின் அமில-கார அளவான பிஹெச் 8.4 வரை ஏறியிருந்தது. அந்த அளவில் அம்மோனியாவின் நஞ்சு கூடும். இரும்புச்சத்து தண்ணீரில் இருந்தாலும் வேருக்கு ஏறாது; கொழுந்து மஞ்சளானது அதனால்தான்.

"மொத்தத்தையும் அள்ளிரலாம்டா" என்றார் அம்மா. ஒரு ஞாயிறு முழுக்க இருவரும் அள்ளினோம். இப்போது ஓரடி ஆழத்துக்குக் கழுவிய கருங்கல் ஜல்லி, பிஹெச் 7.2. சித்திரை வெயிலில் தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் குறையும் என்பதால் மேலே பச்சை நிழல்வலை, கரன்ட் போனால் காற்று பம்புக்கு பேட்டரி.

அதற்குப் பிறகு ஒரு மீன்கூடச் சாகவில்லை. நேற்றுதான் முதல்முறையாகப் பொன்னாங்கண்ணி பறித்தோம், இரண்டு கட்டு.