பிங்கர்பிரிண்டிங்: ‘உலாவிக் கைரேகை’ போதுமா?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். தேடுபொறியையும் உலாவியையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பொது நூலக வாசகர்களுக்கு விளக்கும் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். தளங்கள் நம்மை நினைவில் வைக்க நம் கணினியில் இட்டுவைக்கும் சிறு குறிப்பான குக்கிக்கு ‘நினைவி’ என்றும், இன்காக்னிட்டோவுக்குக் குரோம் உலாவியின் தமிழ் இடைமுகத்தில் உள்ளபடி ‘மறைநிலை’ என்றும் எழுதிவிட்டேன். ‘பிரவுசர் பிங்கர்பிரிண்டிங்’ மட்டும் நிற்கிறது. டக்டக்கோ போன்ற தேடுபொறி நம் தேடல்களை நம்மோடு இணைத்துச் சேமிப்பதில்லை என்றாலும், அங்கிருந்து நாம் போய்ச் சேரும் தளம், திரையின் அளவு, நேர வலயம், நிறுவப்பட்டுள்ள எழுத்துருக்கள், வரைகலைச் சில்லு படம் வரையும் விதம் ஆகியவற்றை ஒன்றுகூட்டி, அடுத்த முறை நாம் வரும்போது நம்மை இனங்கண்டுகொள்ள இயலும். இதுவே பிங்கர்பிரிண்டிங். நினைவியை அழித்துவிடலாம், இதில் அழிப்பதற்கு எதுவும் நம் கணினியில் இருப்பதில்லை. ‘உலாவிக் கைரேகை’ என்று எழுதலாமா?

தமிழாசிரியர், மதுரை:

வேண்டா. கைரேகை என்றால் வாசகர் சோதிடம் என்றே நினைப்பார், ‘ரேகை’யோ வடசொல். தக்க சொல் நம்மிடமே உள்ளது: ‘ஒற்று’. ஒற்றுதல் என்பது அழுத்திப் பதித்தல். கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், மை ஒற்றுகிறோம். வேவு பார்ப்பவனும் ஒற்றனே. பதிவு, வேவு என்னும் இரு பொருளையும் ஒரே சொல் தாங்குவது வேறு எந்த மொழிக்கு வாய்க்கும்? ‘ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்’ என்று வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் கூறுவதையும் நோக்குக: ஒரு குறிப்பை மற்றொரு குறிப்போடு ஒப்பிட்டு உறுதிசெய்யும் இந்தத் தொழில்நுட்பத்தின் இயல்பு அதில் அப்படியே உள்ளது. ‘ஒற்றை’ என்பதும் இதற்குத் தொலைவில் இல்லை என்பது என் கருத்து. அதைத் தனி மடலில் விரிக்கிறேன். என் பரிந்துரை: உலாவொற்று.

நிரலர், கோவை:

ஐயா, அந்த விரிவு மடலை அச்சுக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். ‘உலாவொற்று’ என்றால் பள்ளி முடித்த எவருக்கும் க், ச், த், ப் மிகும் இடங்களே நினைவுக்கு வரும். எனக்கு அதைவிடப் பெரிய தடை, ஆங்கில உருவகமே பிழையானது என்பதுதான். ரேகை பிறவியிலேயே அமைந்தது, ஒருவர்க்கே உரியது, மாறாதது. இங்கோ எந்த ஒரு குறியும் தனித்து நம்மைக் காட்டிக்கொடுப்பதில்லை. உலாவியைப் புதுப்பித்தால் சில குறிகள் மாறியும் போகும். இணைய உரிமைகளுக்காகப் பாடுபடும் எலெக்ட்ரானிக் பிரான்டியர் பவுண்டேஷன் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 4,70,000 உலாவிகளில் 83.6 விழுக்காடு, மற்ற எதனோடும் ஒத்துப்போகாத சேர்க்கையைக் கொண்டிருந்தன. சேர்க்கைதான் இங்கே பொருள். பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘அங்க அடையாளங்கள்’ என்று எழுதுவது நினைவிருக்கும். மச்சம் பலருக்கும் உண்டு, ஆனால் இன்ன இடத்தில் மச்சமும் இன்ன இடத்தில் தழும்பும் உள்ளவர் சிலரே. ஆகவே ‘உலாவி அடையாளக் கோவை’ என்பேன்.

நம் குழுவினர் கவனிக்க ஒன்று: பழைய தமிழ் எழுத்துருக்களை நிறுவி வைத்திருப்பவரும், உலாவியின் மொழி விருப்பத்தில் தமிழை முதலில் வைத்திருப்பவரும் உலகக் கூட்டத்தில் அரியவர், எனவே எளிதில் இனங்காணப்படுபவர். பயனரின் அடையாளத்தை மறைப்பதற்கென்றே உருவான டோர் உலாவியைப் பிறமொழி இடைமுகத்தில் வைத்தால், மறைவு கருதி இணையப் பக்கங்களை ஆங்கிலத்திலேயே கேட்கட்டுமா என்று அது வினவுவது இதனால்தான்.

ஆசிரியை, யாழ்ப்பாணம்:

எங்கள் பக்கம் ‘கைவிரல் அடையாளம்’ என்போம். ஆகவே ‘அடையாளம்’ என்பதில் எனக்கு மறுப்பில்லை. கோவையிலிருந்து கோவை வருவதும் பொருத்தமே. ஆனால் கோவை என்பது பொருள், கேட்கப்பட்டதோ செயல். நாம் அறியாதபடி ஒருவர் அதைச் செய்கிறார் என்பது சொல்லில் தெரிய வேண்டும், இல்லையேல் கையேட்டின் அடுத்த பகுதியே விளங்காது. பயர்பாக்ஸ் 2020 முதல் இவ்வாறு செய்வதாக அறியப்பட்ட நிரல்களை இயல்பாகவே தடுக்கிறது. பிரேவ் உலாவி சில மதிப்புகளைச் சற்றே மாற்றிக் கொடுக்கிறது. டோரோ தன் பயனர் அனைவரையும் இயன்ற மட்டும் ஒரே மாதிரி காட்ட முயல்கிறது. தடுத்தல், குழப்புதல், ஒன்றுபோல் ஆக்குதல் ஆகிய மூன்றையும் வகுப்பில் விளக்க வினைச்சொல் வேண்டும். ‘அடையாளம் திரட்டல்’ எனலாமே? செயலுக்குத் திரட்டல், விளைவுக்குத் திரட்டு.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

நன்றி. தனிமடலில் எழுதியோரும் பெரும்பாலும் திரட்டலையே ஏற்கின்றனர். சிலர் இனி எதுவானாலும் சரி என்கின்றனர். ‘உலாவி அடையாளம் திரட்டல்’ என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். முதன்முறை வரும் இடத்தில் மட்டும் பிங்கர்பிரிண்டிங் என்பதையும் உடன் எழுதுகிறேன்.

தமிழாசிரியர், மதுரை:

கையேட்டுக்கு அது இருக்கட்டும். மூன்று சொற்களால் ஆன விளக்கம் கலைச்சொல் ஆகாது என்பதால், குழுவின் சொற்பட்டியலில் ‘உலாவொற்று’ என்பதை மாற்றுப் பரிந்துரையாகச் சேர்க்க வேண்டுகிறேன். ‘ஒற்றை’ பற்றிய மடல் நாளை வரும்.